நல்ல நாளில் கேட்ட எதிர்காலம்

"பங்கேற்றவர்கள் நாற்பத்திரண்டு பேர். வெயில் கடுமை. மோர் இரண்டு முறை. கறுப்பு அட்டை நாற்பத்திரண்டும் வெற்று. இவ்வூர் மக்கள் நம்பிக்கை மிகுந்தவர்கள்."

வைகாசி 21 என்று தேதியிட்டு என் நாட்குறிப்பில் நான் எழுதிவைத்த வரிகள் இவை. கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன், அதுவும் ஸ்கேல் வைத்து. இத்தனை வருடப் பணியில் நான் எழுதிய மிகப் பெரிய தவறு அந்த வாக்கியம்தான். அதைப் பற்றி எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், பழைய ஆட்களின் அனுபவங்களைக் கேட்டிருந்தீர்கள். வெற்றிக் கதைகள் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன. அவற்றில் பாதியை நானே எழுதினேன் என்பதால் அவ்வளவாக நம்ப வேண்டாம். இது ஆண்டறிக்கையில் வராதது. எந்த ஆண்டு என்று மட்டும் கேட்காதீர்கள். நேரம் குறிக்காமல் ஒரு டீ கூடக் குடிக்காதவன் நான், எனக்கே இது கஷ்டம்தான். ஆனால் ஆண்டைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் ஒரு தகப்பனாருக்குச் சங்கடம். ஆகவே கீழ்வேளூர் பக்கம், ஒரு வடிகாலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இக்கரை, அக்கரை. ஆட்களின் பெயர்களும் மாற்றியவை.

நம் வேலை இன்று போலத்தான் அன்றும். ஊராரை உட்காரவைத்து, இருபது வருடம் கழித்து இந்த ஊர் எப்படி இருக்கும் என்று யோசிக்கவைப்பது. அதிலிருந்து இன்று எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அறிக்கை கொடுப்பது. இந்தத் துறை பற்றி அச்சில் வந்த புத்தகங்கள் எது கிடைத்தாலும் தஞ்சாவூருக்கு வரவழைத்துப் படித்துவிடுவேன். படித்ததை ஊர்களில் போய் அவிழ்த்துவிடுவேன். சாத்தியங்கள் காலம் செல்லச்செல்ல விரிந்துகொண்டே போகும் என்பதற்கு ஒரு கூம்புப் படம் உண்டல்லவா, அதைக் கரும்பலகையில் பெரிதாக வரைவேன். ஒரு ஊரில் முன்வரிசையில் இருந்தவர் எழுந்து, "சார், இது நம்ம ரேடியோ செட்டு குழாய்தானே?" என்று கேட்டார். இல்லை என்று விளக்க இருபது நிமிடம் ஆயிற்று. இன்னொரு ஊரில் ஒருவர், "மேட்டூர்ல எப்ப தொறப்பாங்கன்னு சொல்லுங்க சார், இருவது வருஷத்த நான் சொல்றேன்" என்றார். நான் கூம்பை அழித்துவிட்டு அட்டைகளை எடுத்தேன்.

நான் அப்போது பயன்படுத்தியது நான்கு அட்டை முறை. ஒவ்வொருவருக்கும் ஓரத்தில் நிறம் அடித்த நான்கு அட்டைகள். பச்சையில் ஊர் செழிக்கும் எதிர்காலம், மஞ்சளில் இப்படியே நடந்துகொண்டிருக்கும் எதிர்காலம், நீலத்தில் யாரும் நினைக்காத ஒரு பெரிய மாற்றம். கறுப்பில் ஊர் கெட்டுப்போகும் எதிர்காலம். நான்கையும் நிரப்பினால்தான் முறை வேலை செய்யும். முக்கியமாகக் கறுப்பு. எது கெடக்கூடும் என்று தெரியாமல் போட்ட திட்டம், திட்டமே இல்லை என்று பயிற்சி வகுப்புகளில் மேசையைத் தட்டிச் சொல்வேன்.

இக்கரை ஊரில் பதினொரு குடும்பங்களுக்குத் தொகுப்பு வீடுகள் வர இருந்தன. இடம், ஊருக்கும் வடிகாலுக்கும் நடுவே இருந்த வடக்குத் திடல். அது சரிப்படாவிட்டால் மாற்று இடமாக ரோட்டோரத்துப் பழைய களம். அறுவடை இயந்திரம் வந்தபின் அங்கே யாரும் கதிரடிப்பதில்லை. மேடான இடம்தான், ஆனால் கொஞ்சம் நெருக்கடி, வீட்டுக்கு வீடு கை நீட்டினால் தொடலாம். திடல் தாராளம். எனவே திடலுக்கே எல்லாரும் சாய்ந்திருந்தார்கள். "இந்த இடத்தில் குடியிருப்பு வந்தால் வருங்காலத்தில் எப்படி இருக்கும்" என்று ஊராரைக் கேட்டு நாங்கள் ஓர் அறிக்கை தர வேண்டும். அதை வைத்து ஒன்றிய அலுவலக வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உத்தரவு போடுவார்கள்.

அந்தப் பதினொன்றில் ஏழாவது வீடு மலர்க்கொடிக்கு. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அக்கரை ஊரில் பிறந்து ஆறு வருடங்களுக்கு முன் இக்கரைக்குக் கல்யாணமாகி வந்தவர். கணவர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு இருக்கும் மாமியார். மாமியாரைக் கட்டிலிலிருந்து இறக்கவே இரண்டு பேர் வேண்டும். இருந்த கூரை வீடோ ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் அந்த வீட்டுக்காக எத்தனை அலுவலகப் படி ஏறியிருப்பார் என்று எனக்குத் தெரியும், சில படிகளில் நானும் கூட ஏறினேன்.

இனி என் தவறு. கூட்டத்துக்கு நாள் குறிக்கும் பொறுப்பு என்னுடையது. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. மூன்று பஞ்சாங்கம், விதைப்பு நாட்கள், திருவிழாக்கள், நாகூர் சந்தனக்கூடு, பள்ளித் தேர்வு எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஆள் கூடாத நாளில் என் கூட்டம் நடந்ததே கிடையாது. இந்த முறை வைகாசி 21 வாஸ்து நாள் என்று கண்டேன். வருடத்துக்கு எட்டே நாள் வரும் அந்த நாளைத் தவறவிட வேண்டாம் என்று, உத்தரவு வருவதற்கு முன்பே பதினொரு குடும்பமும் திடலில் ஒரு சின்னப் பூஜை வைத்திருந்தார்கள். ஊரே அங்கு இருக்கும். பூஜை முடிந்ததும் பந்தலுக்கடியிலேயே என் கூட்டம். இதைவிட நல்ல நாள் அமையுமா? நோட்டைப் பார்த்து நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

அன்று காலை, சுண்ணாம்புக் கோடு போட்டு, முளைக்குச்சி அடித்து, தேங்காய் உடைத்து, குங்குமம் காயாத கைகளில் நான் கறுப்பு அட்டைகளைக் கொடுத்தேன்.

ஒரு அம்மா அதை வாங்கி, கவிழ்த்து வைத்து, அதன்மேல் வெற்றிலையை வைத்தார். இன்னொருவர் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் விடவில்லை. "எது கெட்டுப்போகலாம்னு யோசிச்சு எழுதுங்க. மனசுல இருக்கிறத தாராளமாச் சொல்லுங்க" என்று பந்தலைச் சுற்றிச்சுற்றி வந்தேன். வயதான ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கா சார்?" என்றார். "ஆமாங்கய்யா, இன்னைக்குத்தான், இப்பத்தான்" என்றேன் உற்சாகமாக. அவர் தலையாட்டிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டார்.

பச்சை அட்டைகள் மட்டும் நிரம்பி வழிந்தன. பூச்செடி, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர். மலர்க்கொடியின் பிள்ளை ஏழாவது வீட்டுக்கு மாடி வைத்து வரைந்திருந்தான். வசூலித்த கறுப்பு அட்டைகள் நாற்பத்திரண்டும் வெற்று. இதிலிருந்து நான் என்ன முடிவுக்கு வந்திருக்க வேண்டும்? முறை தோற்றது என்று. நான் வந்த முடிவைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன், அடிக்கோட்டோடு. அறிக்கையில் அதையே இன்னும் கொஞ்சம் ஜோடித்து, "பங்கேற்றோர் எவரும் இவ்விடத்தில் எதிர்மறைச் சாத்தியம் எதையும் காணவில்லை" என்று எழுதினேன். திடலின் புகைப்படம் ஒன்றையும் ஒட்டினேன். படத்தில் கோரை மண்டிக் கிடந்தது. கீழே நான் எழுதிய விளக்கம்: "பசுமையான சூழல்." திங்கட்கிழமை மேடம் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே அறிக்கை போய்விட்டது.

மேடம் என்பது அப்போது நம் அலுவலகத்தை நடத்தியவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

புதன்கிழமை அக்கரை ஊரில் எனக்கு இன்னொரு கூட்டம். அங்கேயும் அதே அட்டை. பூஜை, பந்தல் எதுவும் இல்லை, சாதாரண நாள். அப்படியும் கறுப்பு அட்டையில் பேனா ஓடவில்லை. எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. மாதிரி காட்டினாலாவது எழுதுவார்கள் என்று நினைத்து, இக்கரைப் பிள்ளைகள் வரைந்த பச்சை அட்டைகளை எடுத்துப் பரப்பினேன். "பாருங்க, வடக்குத் திடல்ல பதினோரு வீடு. எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க!"

பிறகு பின்வரிசையில் ஒருவர் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசைக்கு வந்தது.

"வடக்குத் திடல்லயா? வீடா?"

"மாடி வேற போட்டிருக்கான்யா. வெவரமான புள்ள, மாடியில ஏறி நின்னுக்குவான்."

"ஒரு படகும் சேத்து வரையச் சொல்லுங்க சார்."

"ஏங்க, இதையெல்லாம் அட்டையில எழுதக்கூடாதா?" என்றேன்.

"எங்க ஊருக்குக் கேட்டா எப்படி சார் வாயால சொல்லுவோம்? அவங்க ஊருக்கா? இந்தாங்க, அந்தக் கறுப்ப இப்படிக் கொடுங்க."

நாற்பது அட்டை பத்து நிமிடத்தில் நிரம்பியது. மேற்கொண்டு கேட்டார்கள். என்னிடம் தீர்ந்துபோய், ஒரு காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் எழுதவைத்தேன். ஐப்பசியில் வடிகாலின் ஷட்டரை, அந்த இரும்புக் கதவை, இறக்கினால் தண்ணீர் எந்த மதகு வழியாகத் திரும்பும், திடலில் எந்த மூலையில் முதலில் ஏறும், வடிய எத்தனை நாள், பாம்பு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அவ்வளவு நுணுக்கம். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு துல்லியமான முன்னறிவிப்பு இல்லை. பின்னாளில் இதற்கு "அயலூர் முன்னறிவு முறை" என்று பெயரிட்டு ஒரு கருத்தரங்கில் என் கண்டுபிடிப்பாகவே வாசித்தேன். கைதட்டினார்கள். அந்தக் கட்டுரை உங்கள் பயிற்சிக் கோப்பில் இருக்கிறது. அது பிறந்த கதை இதுதான்.

ஆனால் அன்று எனக்கு எழுந்தது வேறு கேள்வி. இவர்களை நம்பலாமா? ஷட்டர் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் பகை. திடல் காலியாக இருந்தால்தான் இவர்கள் தண்ணீர் அங்கே போகும். வீடு வந்தால் இக்கரையார் ஷட்டரை இறக்கவிட மாட்டார்கள். ஆக இவர்கள் சொல்வதில் லாபம் இருக்கிறது. எதிர்காலம் சொல்பவருக்கு அந்த எதிர்காலத்தில் என்ன பங்கு என்று பார்க்க வேண்டும். அது நம் தொழிலில் பாலபாடம்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கூட்டம் முழுக்கச் சிரிக்காமல், எழுதாமல் இருந்தவர். கறுப்பு அட்டை சட்டைப் பையில் அப்படியே இருந்தது.

"என் பேரு சிங்காரம் சார். மலர்க்கொடி எம் பொண்ணு."

"அப்படிங்களா? சொல்லுங்க."

தன் இடுப்பில் வேட்டி மடிப்பு இருக்கும் இடத்தில் கையைக் குறுக்காக வைத்துக் காட்டினார். "இந்த அளவு. நானே ஆடு ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன் அதுல."

"இத உங்க பொண்ணுகிட்ட சொல்லலியா?"

"எப்படி சார் சொல்றது? பொண்ணக் குடுத்த எடம். சுண்ணாம்புக் கோடு கூடப் போட்டாச்சு. இப்பப் போயி தண்ணி வரும்னா, கட்டுறதுக்கு முன்னாடியே சம்பந்தி வாய வச்சான்னு ஆயிடும். நாளைக்கு ஒரு செவுரு வெடிச்சாலும் எம்பொண்ணத்தான் சொல்லுவாங்க." பிறகு, "நீங்க எழுதுங்க. எம்பேரு மட்டும் வரவேணாம்" என்றார்.

இவருக்கு இதில் லாபம் எதுவும் இல்லை. இவருடைய மகளின் வீடு அது.

நேரே இக்கரைக்குப் போனேன். மலர்க்கொடி வருகைப் பதிவை முடித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். பெயர் சொல்லாமல், மிகச் சாமர்த்தியமாக, "பொதுவா ஒரு தகவல் வந்திருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"எங்கப்பா சொன்னாரா?" என்றார்.

என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

"பொங்கலுக்கு வந்தப்ப திடலுக்குக் கூட்டிட்டுப் போயி காமிச்சேன் சார். நல்ல எடம்னா நாலு தடவ சொல்றவரு, டீயக் குடிச்சிட்டு பேசாமப் போயிட்டாரு. அப்பவே நெனச்சேன்." பிறகு உள்ளே திரும்பி, கட்டிலைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "அத்தே! வடக்குத் திடல்ல தண்ணி நிக்குமா?"

மாமியார் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: "பூச போட்டு நாள் கழிஞ்சிடுச்சா?"

"கழிஞ்சிடுச்சு அத்தே. இன்னையோட ஒரு வாரம்."

"அப்ப நிக்கும்."

மலர்க்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏன் அத்தே, ஒங்களத்தானே அங்கேருந்து தூக்கணும்? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நல்ல நாளும் அதுவுமா ஒரு ஆளு கறுப்பு அட்டையக் குடுத்து எழுதுன்னா, எவ எழுதுவா?" என்றது கட்டில். அந்த ஆள் வாசலில்தான் நிற்கிறான் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தேன். அறிக்கையைத் தொடாமல், "பிற்சேர்க்கை" என்று அரைப் பக்கம் இணைத்துவிடலாம். வியாழக்கிழமை காலை மேடத்திடம் அதை நீட்டினேன். அவர் படிக்கவில்லை.

"பின்னாடி ஒட்டுறத யாரும் படிக்க மாட்டாங்க சார். நீங்களே படிக்க மாட்டீங்க." அறிக்கையின் நகலை எடுத்து, என் புகைப்படத்தின் மேல் விரலை வைத்தார். "இது என்ன செடி?"

"கோரை."

"கோரை எங்க வளரும்?"

தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் கோரை வளரும் என்று தெரியாமலில்லை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மேடம் நகலை என்னிடமே நீட்டினார். "நானும் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். திரும்ப வாங்கிட்டு வாங்க. நம்ம ரெண்டு பேர் பேரும் போட்டு எழுதுங்க" என்றார். "திருத்தம்" என்று போடலாமா, "விளக்கம்" என்று போடலாமா என்று நான் அரைமணி நேரம் யோசித்தேன். அவர் பேனாவை வாங்கி, "தவறு" என்று எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, கூட்டம் தொடங்குவதற்கு முன், உத்தரவு போடும் அதிகாரி முன்னால் நின்றேன்.

"போன வாரம் எதிர்காலம் நல்லா இருந்துச்சு. இந்த வாரம் கெட்டுப்போச்சா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எதிர்காலம் அப்படியேதான் சார் இருக்கு. நான்தான் தப்பான நாள்ல கேட்டுட்டேன்."

"நாப்பத்திரண்டு பேர் ஒண்ணும் இல்லைன்னிருக்காங்க. இப்ப எத்தன பேரு இருக்குன்னு சொன்னாங்க?"

அக்கரையார் எழுதிய அட்டைக் கட்டை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பகையைப் பேசியே கூட்டம் முடிந்திருக்கும். சிங்காரத்தின் பெயரையும் சொல்ல முடியாது. "ஒரு அம்மா சார். அந்த வீட்டுல கட்டில்ல இருக்கப்போறவங்க" என்றேன். அப்போது வாசலில் நின்றிருந்த மலர்க்கொடி உள்ளே வந்தார். அவரை நான் வரச்சொல்லவில்லை.

"எங்க மாமியார் சார். வேணும்னா போன்ல கேளுங்க. நாள் பாத்துக் கேளுங்க."

அதிகாரி சிரித்தாரா இருமினாரா என்று என் குறிப்பில் இல்லை. நல்ல மனிதர். களத்தை மறுபடி அளக்கச் சொன்னார். ஆடி மாதம் களத்துக்கே உத்தரவு வந்தது. வீடுகள் நெருக்கமாகத்தான் அமைந்தன. மலர்க்கொடி பின்னாளில் ஒருமுறை, "பக்கத்து வீட்டுல கடுகு தாளிச்சா எங்க வீட்டுல தும்முறோம் சார், எல்லாம் உங்க புண்ணியம்" என்றார். எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன், சுருக்கமாக.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். வெற்று அட்டை கிடைத்தால் உடனே அதற்கு அர்த்தம் எழுதாதீர்கள், ஏன் வெற்று என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கெட்டதைத் தன் ஊருக்குச் சொல்லத் தயங்குபவர் பக்கத்து ஊருக்குத் தாராளமாகச் சொல்வார், அதைக் கேளுங்கள், ஆனால் அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பியதைத் திரும்ப வாங்கப் போகும்போது பஸ்ஸில் மனம் ஆயிரம் மாற்று யோசனை சொல்லும். இறங்கியபின் எதுவும் நினைவிருக்காது, போய்விடுங்கள்.

மூன்றாம் வருட ஐப்பசியில் பெரிய மழை. வடிகால் நிரம்பி ஷட்டர் இறங்கியது. களத்து வீடுகளில் தண்ணீர் வாசற்படிவரைகூட வரவில்லை. மலர்க்கொடியின் மாமியாரைக் கட்டிலிலிருந்து யாரும் இறக்க வேண்டியிருக்கவில்லை. இதை நானே மறுவாரம் போய்ப் பார்த்து, நேரம் போட்டுக் குறித்திருக்கிறேன்.

நான் போனபோது திடலில் தண்ணீர் வடிந்திருந்தது, சேறு மட்டும்தான். அங்கே எவ்வளவு நின்றது என்று கேட்டேன். சிங்காரம் நெஞ்சுக்கு நேரே கையைக் காட்டினார். மலர்க்கொடி, "அவருக்கென்ன, முழங்கால் இருந்தா அதிகம்" என்றார். மாமியார், தான் ரோட்டுப் பக்கம் பார்த்துப் படுத்திருந்ததாகச் சொன்னார். வெள்ளச்சேத அறிக்கையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வடக்குத் திடலுக்கு எதிரே, "குடியிருப்பு இல்லை, பார்வையிடவில்லை" என்று இருந்தது. ஆகவே அந்த ஐப்பசியில் வடக்குத் திடலில் நின்ற தண்ணீரின் உயரம் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.